போஜோலே சிவப்பு ஒயின்: கேள்வி பதில்

கே: சார், முதல்முறையாக பிரெஞ்சு சிவப்பு ஒயின் வாங்கியிருக்கிறேன். லேபிளில் ‘மோர்கோன்’ என்று இருக்கிறது. எப்படிச் சுவைத்துப் பார்ப்பது?

ப: நல்ல பாட்டிலாகப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். பிரான்ஸின் போஜோலே வட்டாரத்தில் தங்கள் பெயரிலேயே ஒயின் விற்கும் பத்து சிறப்புப் பகுதிகளில், அதாவது ‘க்ரூ’க்களில், ஒன்று மோர்கோன். காமே என்ற கருந்திராட்சையில் செய்வது. திறப்பதற்கு முன் ஐஸ் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் வையுங்கள். ஃபிரிட்ஜ் என்றால் இரண்டு மணி நேரம். 14 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்துப் பாருங்கள். இளம் ஒயினுக்கு ஓரம் ஊதாவாகத் தெரியும், வயதானதற்குச் செங்கல் நிறம். சுழற்றுவதற்கு முன் ஒருமுறை, சுழற்றிய பின் ஒருமுறை முகருங்கள். செர்ரிப் பழமும் கொஞ்சம் வயலட் பூவும் வர வேண்டும். அப்புறம் ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். நாக்கின் இருபுறமும் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறு இழுத்துப் பிடித்தால் அது டானின், பால் விடாத கடுந்தேநீர் குடித்தபின் வருகிற அதே துவர்ப்பு. காமேயில் இது குறைவு. குலைகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் போடுவதால், கரியமில வாயு சூழ்ந்திருக்க, பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பழவாசம் தூக்கலாகவும் துவர்ப்பு மட்டாகவும் இருக்கிறது.

கே: சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில்தானே குடிக்க வேண்டும்?

ப: எந்த ஊர் அறை? அந்த விதி வந்த காலத்து பிரெஞ்சு வீட்டு அறை 16, 18 டிகிரிதான். சென்னையில் 32. அந்தச் சூட்டில் முதலில் மூக்கில் ஏறுவது ஆல்கஹால்தான், பழவாசம் அதற்குப் பின்னால் மறைந்துவிடும்.

கே: நான் போர்தோவில் இருந்தவன். அங்கே யாரும் சிவப்பைக் குளிரவைத்துக் குடித்து நான் பார்த்ததில்லை. நீங்கள் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

ப: போர்தோவுக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே பயன்படுத்தும் கபெர்னே சோவின்யோன் திராட்சையில் டானின் அதிகம். குளிர் பட்டால் துவர்ப்பு இன்னும் கடுமையாகும், ஆகவே அது 16 முதல் 18 டிகிரியில் இருக்கட்டும். காமே வேறு. லியோனில் ‘பூஷோன்’ எனப்படும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் அடி தடித்த 46 சென்டிலிட்டர் பாட்டிலில் போஜோலேவைக் கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டால் சில்லென்று இருக்கும்.

கே: மீண்டும் நான்தான். காமே மட்டமான திராட்சை என்று பர்கண்டியிலேயே தடை செய்தார்களே?

ப: செய்தார்கள். 1395-ல் பர்கண்டியை ஆண்ட ஃபிலிப் பிரபு பிடுங்கி எறியச் சொன்னார். ஆனால் தெற்கே போஜோலேவின் கிரானைட் மண் காமேக்கு வாய்த்த மண். போஜோலேவின் இன்னொரு க்ரூவான மூலான்-ஆ-வான் ஒன்றைப் பத்து வருடம் வைத்துக் குடித்துப் பாருங்கள், மட்டம் என்று உங்களுக்கே சொல்ல வராது.

கே: எந்த உணவோடு?

ப: அந்த ஊரில் பன்றித் தொத்திறைச்சி, வறுத்த பிரெஸ் வட்டாரக் கோழி, ஆட்டுப்பால் சீஸ். நம் சாப்பாட்டில் மிளகுக் கோழி, மட்டன் சுக்கா. மிளகாய் எரிச்சலை ஆல்கஹாலும் டானினும் கூட்டிவிடும். அதனால்தான் காரத்துக்குத் துவர்ப்பு குறைந்த, குளிர்ந்த சிவப்பு ஒயின் சரியாக வருகிறது. ஊறுகாயை மட்டும் ஓரமாக வையுங்கள்.

கே: பிரியாணிக்கு?

ப: இதுவே. குளிரவைத்து.

கே: மட்டன் பிரியாணிக்கு எது நல்லது, அண்ணா?

ப: மேலே இருக்கிறது, படியுங்கள். குளிரவைக்க மறக்காதீர்கள்.

கே: ஒயின் பழசாக ஆக நல்லதுதானே?

ப: எல்லாம் அப்படியில்லை. நவம்பர் மூன்றாம் வியாழனன்று வரும் அந்த வருடத்துப் புது ஒயினான போஜோலே நூவோவைச் சில மாதங்களில் குடித்துவிட வேண்டும்.

கே: இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

ப: பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. மற்றதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: பாதி பாட்டில் மிச்சமானால்?

ப: கார்க்கை அழுத்தி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குள் தீராவிட்டால் கோழியை அதில் ஊறவைத்து, காளானும் சின்ன வெங்காயமும் சேர்த்து மெதுவாக வேகவிடுங்கள். கொக்-ஓ-வான் என்ற பிரெஞ்சுக் கோழிக் குழம்பை அப்படித்தான் செய்வார்கள்.