அப்பாவைப் பூட்டாதீர்கள், அடுப்பைப் பூட்டுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 77. அல்சைமர் மறதிநோய் என்று 2 ஆண்டுகளுக்கு முன் சொன்னார்கள். சென்ற மாதம் இரண்டு முறை கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்காமலே வந்துவிட்டார். போன வாரம் தரை துடைக்கும் திரவத்தைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீடு முழுக்க கேமராவும் சென்சாரும் பொருத்தித் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். பகல் நேர உதவியாளரை அனுப்பும் ஏஜென்சிக்காரரோ, “ஒரு தூக்க மாத்திரை கொடுத்தால் தொந்தரவே இருக்காது” என்கிறார். அப்பாவை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகலாமா?

பதில்: பூட்டக் கூடாது. தீப்பிடித்தாலும் வழுக்கி விழுந்தாலும் அவரால் வெளியே வர முடியாது. என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவும் முடியாது. ஒரு மாதத்துக்குள் கேஸ் இரண்டு முறை, திரவம் ஒரு முறை என்றால், அவரைத் தனியே விட்டுச் செல்லும் காலம் முடிந்துவிட்டது. பகலில் யாராவது உடனிருக்க வேண்டும். இது உங்களுக்கு எவ்வளவு பெரிய பாரம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கேஸ் நாற்றம்கூடவா தெரியாமல் போகும் என்று நீங்கள் கோபப்பட்டிருக்கலாம். உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்காது. அல்சைமர் நோயில் மோப்பத் திறன் மிக ஆரம்பத்திலேயே மங்கிவிடுகிறது. கசிவு தெரியட்டும் என்பதற்காகத்தான் கேஸில் அந்த நாற்றத்தையே கலக்கிறார்கள். மூக்கே உணராதவருக்கு அதனால் பயனில்லை. அதனால் “கவனமாக இருங்கப்பா” என்று நூறு முறை சொல்வதை விட்டுவிடுங்கள். சமையல் முடிந்ததும் அடுப்பின் குமிழ்களை உருவி எடுத்து வையுங்கள். பல அடுப்புகளில் இழுத்தால் வந்துவிடும். சிலிண்டரின் ரெகுலேட்டரை, குழாய் இணைப்பாக இருந்தால் முதன்மை வால்வை, ஒவ்வொரு முறையும் மூடுங்கள். மின்சாரக் கெட்டில் இருந்தால் அதையும் கண்ணில் படாமல் வையுங்கள். அதை எரியும் அடுப்பின் மேலேயே ஏற்றிவிடுவது இந்த நோயில் நடப்பதுதான். கை பழைய பழக்கத்தில் வேலை செய்கிறது; பொருள் புதிது என்பதை மூளை சொல்வதில்லை.

தரை துடைக்கும் திரவத்துக்கும் இதே கதைதான். நிறம் பானம் போலத் தெரிகிறது, நெடி உறைக்கவில்லை, லேபிளைப் படித்தாலும் பொருள் மனதில் ஏறுவதில்லை. சில பாத்திரம் கழுவும் திரவங்களின் மேல் பழத்தின் படமே போட்டிருக்கும். எல்லாவற்றையும் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பழைய தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஒருவேளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரிக்கும் திரவம் மேலே வரும்போது இரண்டாம் முறை சுடும், மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். காதுக் கருவியின் பட்டன் பேட்டரியையும் மாத்திரை என்று நினைத்து விழுங்குகிறார்கள். அதை மருந்துப் பெட்டி அருகே வைக்கவே கூடாது. மருந்துப் பெட்டியும் உங்கள் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். போட்டதை மறந்து மறுபடி போட்டுக்கொள்வார்.

குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். துண்டு மாட்டும் கம்பி ஆள் பாரம் தாங்காது. சுவரில் ஆழமாகத் திருகிய கைப்பிடிக் கம்பி வேண்டும். வெந்நீர் ஹீட்டரை 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் வையுங்கள். 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே ஆழமாகப் பொசுக்கிவிடும். முதியவர்களின் தோல் மெல்லியது, அவர் கையை எடுக்கவும் தாமதிப்பார். கறுப்புக் கால்மிதி அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியலாம். அதைத் தாண்டப் போய்த்தான் விழுவார். எடுத்துவிடுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும்.

இனி கேமராக்காரர். அப்பா விழுவதை உங்கள் கைபேசியில் காட்ட கேமராவால் முடியும். தாங்கிப் பிடிக்க முடியாது. இந்த நோயாளிகளின் வீடுகளைத் தேடி வந்து, மகளின் குற்ற உணர்வைப் பார்த்துப் பார்த்து விலை சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கேஸ் சென்சாரை எங்கே மாட்டுவீர்கள்?” சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், சென்சார் தரைக்கு அருகில் இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு இலேசானது, மேலே ஏறும். அதற்குக் கூரைக்கு அருகில் மாட்ட வேண்டும். உங்கள் வீட்டில் எந்த கேஸ் என்றுகூடக் கேட்காமல் துளை போட வருகிறவருக்குக் கதவைத் திறக்காதீர்கள். சரியான இடத்தில் ஒரு கேஸ் சென்சார், அலமாரிக்கு ஒரு பூட்டு, மேலே சொன்ன கம்பியும் விளக்கும் போதும். மிச்சப் பணம் உதவியாளரின் சம்பளத்துக்குப் போகட்டும்.

ஏஜென்சிக்காரர் சொன்ன மாத்திரைதான் உங்கள் கடிதத்திலேயே என்னை மிகவும் பதற வைத்தது. இரண்டு மூன்று நோயாளிகளுக்கு ஒரே ஆளை ஓட வைத்துக் கமிஷன் பார்க்கிற சிலருக்கு, நோயாளி தூங்கிக்கொண்டே இருப்பதுதான் வசதி. உங்களுக்குத் தெரியாமல் கொடுப்பவர்களும் உண்டு. அப்பா திடீரென்று பகலெல்லாம் மயங்கிக் கிடந்தாலோ, பேச்சு குழறினாலோ, மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். தூக்க மாத்திரை கால்களைத் தள்ளாட வைக்கும், இடுப்பு எலும்பு முறியும், விழுங்கும்போது புரையேறி நிமோனியா என்ற நுரையீரல் தொற்று வரும். மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளோ இன்னும் அபாயம். மறதிநோய் உள்ள முதியவர்களின் மரண அபாயத்தை அவை கூட்டுகின்றன என்று 2005-ல் புதிய வகைகளுக்கும் 2008-ல் பழைய வகைகளுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட வைத்தது. மருந்துத் தகவல் தாளில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கை அதுதான்.

இதில் ஒரு வகையினரைப் பற்றி நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். லூயி பாடி மறதிநோய் என்று ஒன்று உண்டு. இல்லாத குழந்தைகளும் மிருகங்களும் அறையில் இருப்பதாகத் தெளிவாகப் பார்ப்பார்கள். காலையில் நன்றாகப் பேசியவர் மதியம் குழம்பிக் கிடப்பார். உடல் விறைத்து நடை சுருங்கும். தூக்கத்தில் கத்துவார், கனவில் உதைப்பதை நிஜமாகவே உதைப்பார். இவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால், ஒன்றிரண்டு வேளையிலேயே மரக்கட்டை போல விறைத்து, விழுங்க முடியாமல், நினைவிழந்து, உயிரே போகலாம். “உங்கள் அப்பாவுக்கு அல்சைமர்தானே, இது எதற்கு?” என்று தோன்றும். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதுண்டு. லூயி பாடிக்கு அல்சைமர் என்று பெயர் சூட்டிவிடுவதும் உண்டு. நான் சொன்ன அறிகுறிகளில் இரண்டு இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை “ஹாலோபெரிடால் கொடுக்கக் கூடாது” என்று பெரிய எழுத்தில் எழுதி மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். நடு இரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டருக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டும்.

டாக்டர்களாகிய எங்கள் துறை மீதே எனக்குக் கோபம் இருக்கிறது. மூளையின் திறனைச் சோதிக்க நோயாளியைக் கடிகாரம் வரையச் சொல்கிறோம், மூளையை ஸ்கேன் எடுக்கிறோம், மாத்திரை எழுதுகிறோம். “வீட்டில் என்ன அடுப்பு? பகலில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்க எங்களுக்கு நேரமில்லை. வீட்டுக்கே வந்து, அறை அறையாகப் பார்த்து, எதை மாற்ற வேண்டும் என்று சொல்லப் பயிற்சி பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுப்ப ஒரு வரி எழுதினால் போதும், அதைக்கூட எழுதுவதில்லை. நாங்கள் விட்ட அந்த இடைவெளியில்தான் கேமராக்காரரும் ஏஜென்சிக்காரரும் புகுந்து வருகிறார்கள்.

அப்பா சமையலறைக்குப் போவதற்கும் ஒரு காரணம் இருக்கும். பசியா, தாகமா, சும்மா இருக்க முடியாத தவிப்பா? எந்த நேரத்தில் போகிறார், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். இந்த நோயில் மாலை நேரத்தில் அமைதியின்மை கூடுவது வழக்கம். அப்போது கையில் மடிக்கத் துணிகளைக் கொடுத்தாலே பலர் அமர்ந்துவிடுகிறார்கள். குடிக்கும் தண்ணீர் அவர் கண்ணெதிரே எப்போதும் இருக்கட்டும். ஆனால் ஓரிரு நாளிலேயே குழப்பம் மளமளவென்று கூடினால் நோய் முற்றிவிட்டது என்று காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, புதிய மருந்தோ காரணமாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

குறித்த தாளை அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப் போங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். “அதெல்லாம் தேவையில்லை” என்று சொன்னால், கேஸ் திறந்து கிடந்த இரண்டு நாட்களின் தேதியையும் சொல்லி, கடிதம் கைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.