அரசனின் பந்தியில் ஓர் இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். 2009இல் மாத்தளனில் ஷெல் விழுந்தபோது எனக்கு ஒன்பது வயது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இதுவரை மூன்று சம்பந்தம் வந்து, பொய்க்கால் என்று தெரிந்ததும் நின்றுபோயின. போன ஆவணியில் தமையனின் கலியாணம். மணமக்களோடு படம் எடுக்க எழுந்தபோது, "நீ பிறகு வா" என்று தமையனே சொன்னார். பிறகு யாரும் கூப்பிடவில்லை. விசுவாசம் குறைவு, அதனால்தான் எனக்கு அற்புதம் நடக்கவில்லை என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். பொய்க்கால் உரசிப் புண்ணாகியிருப்பதால் ஒரு மாதமாக ஆராதனைக்குப் போகவில்லை. பின்னேரங்களில் அயல் பிள்ளைகளுக்கு விறாந்தையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. ஒருவருக்கும் வேண்டாத என்னை ஆண்டவர் எதற்காகத் தப்பவிட்டார்? அவருக்கு என்னால் என்ன பயன்?

(பெயர் வெளியிடப்படவில்லை)

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் தமையன் செய்தது பிழை. அதைப் பேசாமல் பொறுத்துக்கொள்வதுதான் கிறிஸ்தவ குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மன்னிப்பதென்றாலும் முதலில் பிழையைப் பிழையென்று சொல்லியாக வேண்டும்.

வேதாகமத்தில், இரண்டாம் சாமுவேல் புத்தகத்தில் மேவிபோசேத் என்று ஒருவர் வருகிறார். அவருடைய பாட்டனாரான சவுல் அரசனும் தகப்பன் யோனத்தானும் போரில் மடிந்த செய்தி வந்ததும், ஐந்து வயதுப் பிள்ளையான அவரைத் தாதி தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஓடுகிற அவசரத்தில் பிள்ளை விழுந்து இரண்டு காலும் முடமாகிவிடுகிறது. மடு மாதாவின் சொரூபமே போரால் 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்த வன்னியில், அந்த ஓட்டத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தாதியைக் குறைசொல்ல நமக்கு வாய் வராது.

வளர்ந்த பிறகு அவர் லோதேபாரில் இன்னொருவர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறார். சவுலுக்குப் பிறகு அரசனான, யோனத்தானின் நண்பர் தாவீது ஆளனுப்பி அழைக்கிறார். வந்து முகங்குப்புற விழுந்தவர், செத்த நாயைப் போன்ற என்னை நீர் ஏன் பார்க்க வேண்டும் என்கிறார். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் அதே குரல்தான் கேட்கிறது. தாவீதோ, உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்கவில்லை. யோனத்தானின் நிமித்தம் பாட்டனாருடைய நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, நித்தமும் என் பந்தியில் சாப்பிடு என்றார். பதவி எதுவும் கொடுத்ததாக அந்த அதிகாரத்தில் இல்லை. அது முடிகிற இடத்தைப் பாருங்கள்: "அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது." அரசனின் பிள்ளைகளில் ஒருவராகப் பந்தியில் அமர்ந்த பிறகும் கால் குணமாகவில்லை. அந்த இடத்துக்கு அது தடையாகவும் இல்லை. விசுவாசம் குறைவு என்று உங்களிடம் சொன்னவர்களை இந்த வரியை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோதும் அப்படித்தான். மாற்குவின் சுவிசேஷத்தில் இயேசு ஒரு பிரசங்கமும் செய்யுமுன்னே, ஒரு நோயாளியையும் தொடுமுன்னே, "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்ற குரல் வானத்திலிருந்து வந்துவிடுகிறது. பிரியம் முன்னே வந்தது, ஊழியம் பின்னே வந்தது. நம் சபைகளில் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். பாடத் தெரிந்தவர், சாட்சி சொல்லத் தெரிந்தவர், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர் என்று ஆட்களைத் தரம் பிரிக்கிறோம். எனக்கு இது ஆற்றாத கோபம். என்ன பயன் என்று உங்களைப் பார்த்துக் கேட்டவர்கள் சம்பந்தம் பேச வந்தவர்கள். ஆண்டவர் அப்படிக் கேட்கவில்லை.

எதற்காகத் தப்பவிட்டார் என்ற கேள்விக்கு, உங்களுக்கென்று பெரிய திட்டம் வைத்திருக்கிறார் என்று நான் எழுத மாட்டேன். அப்படி எழுதினால், அதே மாத்தளனில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு என்ன பதில் சொல்வது? அவளுடைய பிள்ளையும் அவருக்கு அருமையானதுதான். நீங்கள் அருமையானவர். அவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

கணக்கு வகுப்பை விடாமல் நடத்துங்கள், பிள்ளைகளுக்காக. உங்கள் பெறுமதிக்கு அத்தாட்சியாக அதைத் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

அந்தப் புண்ணை வைத்தியரிடம் காட்டுங்கள். ஆறும்வரை பொய்க்காலைப் போடாதீர்கள். காலம் போகப்போகக் காலின் பருமன் மாறும், பழைய பொய்க்கால் பொருந்தாமல் உரசும். கால் செய்துதரும் நிலையத்தில் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். அதுவரை ஊன்றுகோலோடு ஆராதனைக்குப் போங்கள். திருவிருந்துக்கு எழுந்து முன்னே போவது சிரமமென்றால், அப்பத்தையும் ரசத்தையும் நீங்கள் இருக்கும் வாங்குக்கே கொண்டுவரும்படி போதகரிடம் கேளுங்கள். அது அவருடைய கடமை, தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா