படித்து முடித்தேன், பயம் மட்டும் போகவில்லை

வணக்கம் மேடம். எனக்கு 27 வயது, குரோம்பேட்டையில் வீடு, பாரிமுனையில் வேலை. ஜனவரியில் புத்தகக் கண்காட்சியில் பகத்சிங்கின் ‘நான் நாத்திகன் ஏன்?’ வாங்கினேன். சின்னப் புத்தகம்தான், பீச் ரயிலில் போகவர இரண்டே நாளில் முடித்துவிட்டேன். மனசு லேசான மாதிரி இருந்தது. கிருத்திகை தவறாமல் அம்மாவை வடபழனி கோயிலுக்குக் கூட்டிப் போகிறவன், அந்த மாதம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது விபூதிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, “வெச்சு விடுப்பா” என்றார். என் கை நின்றுவிட்டது. நாலைந்து நொடி இருக்கும். அம்மா என் முகத்தையே பார்த்தார். அப்புறம் வைத்துவிட்டேன். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். எனக்குத்தான் தூக்கமில்லை. ராத்திரியில் நம்பாத கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நம்பவில்லை என்றால் ஏன் பயம்? புத்தகத்தை பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அன்புள்ள தம்பி,

முதலில் ஒன்று: பாத்ரூமில் கைப்பிடி போட்டாயிற்றா? மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் பலம் குறையும், அந்த வயதில் ஈரத்தரையில் ஒரு வழுக்கல் போதும். அம்மா விழுந்ததற்கு நீங்கள் படித்த எதுவும் காரணமில்லை. இது உங்களுக்கே தெரியும், ஆனாலும் மனசு ‘என்னால்தான்’ என்று பிடித்துக்கொள்கிறது, ஏனென்றால் என்னால்தான் என்றால் இனி நான் ஒழுங்காக இருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு தெம்பு அதில் இருக்கிறது.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று கேட்டபோது உங்களுக்கு நாலு வயசு இருக்குமா? யோசிக்கத் தெரிவதற்கு முன்னால் உள்ளே போன பயம் அது, இரண்டு நாள் ரயில் பயணத்தில் இறங்கிப் போய்விடாது. பயம் வருவதால் நீங்கள் உள்ளுக்குள் பக்தர் என்றோ, புத்தகம் பொய் என்றோ முடிவு கட்டாதீர்கள். அந்த முடிவை இந்த மாதமே எடுக்க வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை.

பகத்சிங்கே லாகூர் விடுதியில் படித்த காலத்தில் மணிக்கணக்கில் காயத்ரி மந்திரம் சொன்னவர். 1930-ல் சிறையில் இதை எழுதும்போது, கஷ்டத்தில் கடவுள் நம்பிக்கை மனிதனுக்குப் பெரிய ஆறுதல் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார், தனக்கு அது வேண்டாம் என்று நிற்கிறார். அந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். அம்மாவுக்கு அந்த ஆறுதல் தேவைப்பட்டது, நீங்கள் கொடுத்தீர்கள். அதில் பொய்யும் இல்லை, தோல்வியும் இல்லை. நாலு நொடி தயங்கியதை நீங்கள் இத்தனை நாள் சுமக்கிறீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்திருந்தாலும், ஆபரேஷன் பயத்தில் இருந்த அம்மா அதைத் தயக்கமாக எடுத்துக்கொண்டாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

ராத்திரி மன்னிப்புக் கேட்கத் தோன்றினால் பத்து நிமிஷம் தள்ளிப் போடுங்கள், படபடப்பு ஏறித் தானாக இறங்குவதைக் கவனியுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டாலோ, தூக்கம் இப்படியே கெட்டாலோ ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

புத்தகத்தைத் துணிக்கு அடியிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். அம்மா கேட்டால், படித்தேன் என்று மட்டும் சொன்னால் போதும், மீதியை அவர் வாக்கர் இல்லாமல் நடக்க ஆரம்பித்த பிறகு பேசிக்கொள்ளலாம்.