எந்தக் கபிலர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் குடமுழுக்கு அழைப்பிதழில் ‘திருவாக்கும் செய்கருமம் கைகூட்டும்’ என்ற வெண்பாவை அச்சிட்டு, அதன் கீழே ‘சங்கப் புலவர் கபிலர்’ என்று போட்டிருந்தார்கள். சங்கப் பாடல்களில் பிள்ளையார் வழிபாடு இல்லை என்று முன்பொரு முறை எழுதியிருந்தீர்கள். பாரியின் நண்பரே பாடியிருக்கும்போது அது எப்படிச் சரியாகும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் குறிப்பிடும் வெண்பா, பதினோராம் திருமுறையில் உள்ள மூத்த நாயனார் திருவிரட்டைமணிமாலையின் முதல் பாடல். பாடியவர் பெயர் அங்கே கபிலதேவ நாயனார் என்றே இருக்கிறது. பாரியைப் பாடிய கபிலர் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவர்.

பெயரை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் படித்தாலும் இது விளங்கிவிடும். இரட்டைமணிமாலை என்பது வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி வர, அந்தாதியாகத் தொடுக்கப்படும் 20 பாடல்கள் கொண்டது. கட்டளைக் கலித்துறை என்ற யாப்பே சங்கத் தொகைகளில் கிடையாது. சங்கக் கபிலருக்கு குறுந்தொகை 25-ஆம் பாட்டைப் பாருங்கள். தன்னைக் களவில் மணந்தவன் பொய் சொன்னால் என்ன செய்வேன் என்று கலங்கும் தலைவி, அன்று அங்கே வேறு யாரும் இல்லை என்கிறாள். பிறகு நினைவு வந்தவளாக, ஓடும் நீரில் ஆரல் மீனுக்குக் காத்திருந்த ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள். அதன் கால் ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால்’. ஐந்தே அடிகளில் பறவையின் காலைக்கூட விடாமல் பார்க்கும் அந்தக் கண் வேறு. திருவாக்கும், பெருவாக்கும், உருவாக்கும் என்று எதுகையில் திளைக்கும் இந்தக் காது வேறு. (எருக்கம்பூவைக் கொடுத்தாலும் கடவுள் வேண்டாமென்று சொல்லாது என்று புறநானூற்றில் சங்கக் கபிலர் பாடியிருப்பதைச் சிலர் பிள்ளையாருக்குச் சான்றாகக் காட்டுவார்கள். பாட்டில் ‘கடவுள்’ என்ற சொல் மட்டுமே உண்டு. அதுவும் பாரியின் கொடையைச் சொல்ல வந்த உவமை.)

இந்தக் குழப்பத்தை அழைப்பிதழ் அச்சடித்தவர்கள் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. திருத்தொண்டத் தொகையில் சுந்தரர் ‘பொய்யடிமை இல்லாத புலவர்’ என்று பெயர் சொல்லாமல் வணங்கியவர்களை, நம்பியாண்டார் நம்பி தம் திருத்தொண்டர் திருவந்தாதியில், கபிலர், பரணர், நக்கீரர் முதலான 49 சங்கப் புலவர்கள் என்று அடையாளம் காட்டினார். பதினோராம் திருமுறையிலும் கபிலதேவ, பரணதேவ, நக்கீரதேவ நாயனார்கள் இருக்கிறார்கள். மூன்று பழம்பெயர்கள் ஒரே திருமுறைக்குள் வந்து சேர்ந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சங்கத்தைச் சைவத்துக்குள் கொண்டுவரும் விருப்பமே இப்பெயர்களுக்குப் பின்னால் இருப்பதாக நினைக்கிறேன்.

வேறு கபிலர்களும் உண்டு. இன்னா நாற்பதும் ஒரு கபிலர் பெயரில்தான் இருக்கிறது. அதன் கடவுள் வாழ்த்து சிவன், பலராமன், திருமால், முருகன் ஆகிய நால்வரையும் சொல்லிவிட்டுப் பிள்ளையாரை விட்டுவிடுகிறது. சாதிப் பிரிவைச் சாடும் கபிலரகவல் இன்னும் மிகப் பிற்பட்டது. அதில் ஔவையும் வள்ளுவரும் அதிகமானும் கபிலரின் உடன்பிறந்தவர்கள்!

குடமுழுக்கு மலர் வெளியிடுவார்களானால், ‘கபிலதேவ நாயனார், பதினோராம் திருமுறை’ என்று அச்சிடச் சொல்லுங்கள். பாட்டை மாற்ற வேண்டியதில்லை, அது நல்ல வெண்பா.