அந்தப் பக்கம் போனா ஏன் குறி மாறுது? அல்ஜீப்ரா கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், பையன் ஏழாவது படிக்கிறான். "சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸாயிடும்"னு மனப்பாடமா சொல்றான். ஏன்னு கேட்டா அவனுக்கும் தெரியல எனக்கும் தெரியல.

பதில்: எதுவும் எங்கயும் போகலம்மா. ஒரு தராசு நெனச்சுக்கோங்க, ஒரு தட்டுல அரிசிப் பையும் 3 கிலோ படிக்கல்லும் இருக்கு, இன்னொரு தட்டுல 10 கிலோ கல்லு, முள்ளு நேரா நிக்குது, இப்ப பை எவ்ளோன்னு தெரியணும்னா ரெண்டு தட்டுலேர்ந்தும் மூணு மூணு கிலோ எடுக்கணும், பை 7 கிலோ. எக்ஸ் + 3 = 10ன்னா இவ்ளோதான். சுமார் 820ல பாக்தாத்ல அல் குவாரிஸ்மிங்கற கணித அறிஞர் எழுதின புத்தகத் தலைப்புல இருந்த 'அல் ஜப்ர்'ங்கற வார்த்தைதான் அல்ஜீப்ராவாச்சு, அதுக்கு அர்த்தமே கொறைஞ்சத திரும்ப நிரப்புறதுதான். தயவுசெஞ்சு அந்த மந்திரத்த விட்டுட்டு தராசு வரைஞ்சு காட்டுங்க.

கேள்வி: மைனஸும் மைனஸும் பெருக்குனா எப்படி பிளஸ் வருது?

பதில்: கடனா பாருங்க. கடன் ஒரு மைனஸ், அத எடுத்துவிடறது இன்னொரு மைனஸ். 500 ரூபா கடன் மூணு இருக்கு, மூணையும் தள்ளுபடி பண்ணிட்டா உங்களுக்கு 1500 லாபம்தானே. நம்ம நாட்டு பழைய கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628லயே இந்தக் குறி விதிய கடன், சொத்துன்னுதான் எழுதியிருக்காரு.

கேள்வி: 8 கிராம் செயின் எடுத்தோம், அன்னைக்கு கிராம் 9,000. பில்லு 83,430. சேதாரம் எத்தன பர்சென்ட்னு கேட்டா கடையில சரியா சொல்லல.

பதில்: இந்தக் கணக்க எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும்ங்க, மனசார சொல்றேன். கடைக்காரர் மொதல்ல தங்கத்துக்கு வெல போட்டாரு, அதுமேல சேதாரம் ஏத்துனாரு, கடைசியா 3% ஜிஎஸ்டி. நாம கடைசியிலேர்ந்து பின்னாடி வரணும், சட்டையும் அதுமேல கோட்டும் போட்டவரு கோட்டத்தான மொதல்ல கழட்டுவாரு. 83,430ஐ 1.03ஆல வகுத்தா 81,000. தங்கம் மட்டும் 72,000. மிச்சம் 9,000, அது 72,000ல 12.5%. கல்லு, செய்கூலின்னு தனியா எதுவும் போடலன்னா உங்க சேதாரம் அதான்.

பலபேர் 83,430லேர்ந்து 3% கழிப்பாங்க, அது தப்பு, ஏன்னா அந்த 3% போட்டது 81,000 மேல. 18% சேத்து 1,180னு பில் வந்தாலும் இதேதான், 1.18ஆல வகுத்தா 1,000, 18% கழிச்சா 967.60ன்னு தப்பா வரும்.

கேள்வி: அக்கா, குரூப் 4க்கு படிக்கிறேன், வயசு கணக்கு மட்டும் எப்பவும் சொதப்புது. அப்பா வயசு மகன் வயசுல மூணு மடங்கு, 12 வருஷம் கழிச்சு ரெண்டு மடங்கு.

பதில்: தம்பி, 12ஐ ஒருத்தருக்கு மட்டும் கூட்டிட்டு விட்டுடுற, அதான். வருஷம் ரெண்டு பேருக்கும்தான ஓடும். மகன் எக்ஸ், அப்பா 3எக்ஸ். 3எக்ஸ் + 12 = 2(எக்ஸ் + 12), அடைப்புக்குறிய பிரிச்சா 2எக்ஸ் + 24, அந்த 2 உள்ள இருக்க ரெண்டையும் பெருக்கணும். எக்ஸ் 12 வரும், அப்பாவுக்கு 36. உடனே டிக் பண்ணாம ஒருதடவ போட்டுப் பாரு: 12 வருஷத்துல 24, 48. சரியா வருதா?