நம்பிக்கை இருக்கட்டும், சுமை எங்கே?

கேள்வி (வாசகர், திருச்சி): சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் அமெரிக்காவில் மத உரிமை கேட்டு வழக்குப் போடுகிறார்களாமே! அதையெல்லாம் நீதிமன்றம் மதம் என்று ஒப்புக்கொள்கிறதா?

பதில்: அவர்கள் கும்பிடுவதே இல்லை. நீங்கள் கேள்விப்பட்டது, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘சாத்தானிக் டெம்பிள்’ அமைப்பாக இருக்கும். தொடங்கியது 2013-ல். இவர்களுக்குச் சாத்தான் தெய்வமும் இல்லை, பேயும் இல்லை. அதிகாரத்துக்கு அடங்க மறுப்பவனின் அடையாளம். ஏழு கொள்கைகள் வைத்திருக்கிறார்கள். அவரவர் உடல் அவரவர் விருப்பத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டது என்பது மூன்றாவது. (1966-ல் ஆண்டன் லாவே தொடங்கிய ‘சர்ச் ஆஃப் சேட்டன்’ வேறு ஆசாமிகள்.) 2019-ல் அமெரிக்க வருமான வரித் துறையே இவர்களைத் திருச்சபைக் கணக்கில் சேர்த்து வரிவிலக்குக் கொடுத்துவிட்டது.

கடவுள் இருந்தால்தான் மதம் என்று அந்த ஊர் நீதிமன்றங்கள் அடம்பிடிப்பதில்லை. நம்பிக்கை சரியா தவறா என்றும் ஆராய்வதில்லை. மனதார நம்புகிறாரா என்று மட்டும் பார்க்கும். 1981-ல் வந்த தாமஸ் வழக்கைப் பாருங்கள். பீரங்கி வண்டிக்கான பாகம் செய்ய மாட்டேன் என்று வேலையை விட்ட யெகோவா சாட்சி அவர். அதே சபையைச் சேர்ந்த சக தொழிலாளிக்கு அந்த வேலையில் உறுத்தல் எதுவும் இல்லை. ஆனாலும் ஜெயித்தது தாமஸ்தான். நம் நாட்டில், சென்னை மாகாணத்திலிருந்து போன 1954 சிரூர் மடம் வழக்கு முதலாக, ‘இந்தப் பழக்கம் அந்த மதத்துக்கு இன்றியமையாததா?’ என்று நீதிபதிகள் அலசுகிறார்கள். அங்கே அந்த வேலையை நீதிபதிகள் தலையில் போட்டுக்கொள்வதில்லை.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): அப்படியானால் ‘மனதார நம்புகிறேன்’ என்று சொல்லி எந்தச் சட்டத்திலிருந்தும் விலக்கு வாங்கிவிடலாமே?

பதில்: முடியாது. எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது என்பதிலேயே முதல் சிக்கல். சடங்கில் பெயோட்டி என்ற போதைக் கள்ளியை உட்கொண்டு வேலை இழந்த இருவர் 1990-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். எந்த மதத்தையும் குறிவைக்காமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் சட்டத்திலிருந்து, அரசியல் சாசனத்தை மட்டும் காட்டி விலக்குப் பெற முடியாது என்றது தீர்ப்பு. அதை ஈடுகட்டத்தான் 1993-ல் மத சுதந்திர மீட்புச் சட்டம் வந்தது. ஆனால் அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் கத்தரித்துவிட்டது. ஆகவே மாநிலச் சட்டத்தை எதிர்ப்பவர், அந்த மாநிலத்துக்கு இதேபோல் தனிச் சட்டம் உண்டா என்று தேட வேண்டும்.

உண்டென்றால், தன் மதத்தைப் பின்பற்றுவதன் மேல் அரசு கணிசமான சுமையை ஏற்றுகிறது என்று மனுதாரர் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், நிரூபிக்கும் பொறுப்பு அரசின் பக்கம் போய்விடும். தவிர்க்க முடியாத பொதுநலன் இருக்கிறது, இதைவிடக் குறைவாக மத உரிமையில் கை வைக்கும் வழி இல்லை என்று இரண்டையும் அரசு நிரூபித்தாக வேண்டும்.

சாத்தானிக் டெம்பிள்காரர் ஒருவர் மிசௌரி மாநிலத்தில் போட்ட வழக்கு சறுக்கியது சுமை என்ற அந்த முதல் படியில்தான். உயிர் கருத்தரிப்பிலேயே தொடங்குகிறது என்று சொல்லும் கையேட்டைக் கருக்கலைப்புக்கு வரும் பெண்களிடம் தர வேண்டும் என்பது அப்போது அம்மாநிலச் சட்டம். சாத்தானிக் டெம்பிளைச் சேர்ந்த ஒரு பெண், மேரி டோ என்ற மாற்றுப் பெயரில், இது தன் நம்பிக்கைக்கு விரோதம் என்றார். 2019-ல் மிசௌரி உச்ச நீதிமன்றம் அந்த நம்பிக்கையைக் கேலி செய்யவில்லை. கையேட்டைத் தரத்தான் சட்டம் சொல்கிறது, படித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கருவை ஸ்கேனில் பார்ப்பதும் அப்படித்தான், வாய்ப்புத் தர வேண்டுமே தவிர எடுத்துக்கொள்ளக் கட்டாயமில்லை என்று கைவிரித்துவிட்டது. கட்டாயம் இல்லாத இடத்தில் சுமையைக் காட்டுவது கடினம்.

கேள்வி (அதே வாசகி): பிறகு எங்கேதான் ஜெயிக்கிறார்கள்?

பதில்: விலக்குக் கேட்காமல், ‘மற்றவர்களுக்குத் தருவதை எங்களுக்கும் தா’ என்று கேட்கும் இடத்தில். வகுப்பு முடிந்தபின் கட்டடத்தை வெளியாருக்குத் தரும் பள்ளி, மதக் குழுவை மட்டும் ஒதுக்கக் கூடாது என்ற தீர்ப்பை 2001-ல் வாங்கியது ஒரு கிறிஸ்தவச் சிறுவர் மன்றம். அதே வழியில் சாத்தானிக் டெம்பிள் மாணவர்களுக்காக நடத்தும் சாத்தான் மன்றமும் உள்ளே வந்தது! பென்சில்வேனியாவின் சாகன் வேலி பள்ளி மாவட்டம் 2023-ல் அனுமதி கொடுத்துவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. கடைசியில் 2 லட்சம் டாலர் வழக்குச் செலவோடு சமரசம் ஆனது.

பாஸ்டன் நகர மன்றத்தில் தொடக்கப் பிரார்த்தனைக்கு இடம் கேட்டபோதோ 2024-ல் தோற்றார்கள். யாரை அழைப்பது என்பது அங்கே உறுப்பினர்களின் விருப்பம். கேட்டவருக்கெல்லாம் இடம் என்ற ஏற்பாடே கிடையாது. பள்ளிகள் தப்பிக்க வேண்டுமானால், மணி அடித்ததும் எல்லோருக்கும் சேர்த்துப் பூட்டுப் போட வேண்டியதுதான். அப்போது சாரணர் கூட்டமும் வெளியே நிற்கும்.