பன்றிமுடி பிரஷ்ஷுக்கு ஒரு வக்காலத்து

அன்புள்ள ஐயா,

தூக்கியெறியும் ரேசரை விட்டு, சோப்பு, பிரஷ், சேஃப்டி ரேசருக்கு மாறியிருக்கிறேன். முதலில் பன்றிமுடி பிரஷ். துடைப்பம்போலக் குத்தியது, நுரையும் நிற்கவில்லை. ஒரு வாரத்தில் ஒதுக்கிவிட்டேன். அடுத்து செயற்கை இழை, பரவாயில்லை. இப்போது பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த, சில்வர்டிப் என்ற உயர்ரக பிரஷ் வாங்க நினைக்கிறேன். முடிக்கட்டின் விட்டம் 24 மில்லிமீட்டரா, 26-ஆ? குதிரைமுடியில் கிருமி பயம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

24 போதும். குதிரைமுடி பிரஷ்ஷால் முதல் உலகப்போர்க் காலத்தில் ஆந்த்ராக்ஸ் பரவியது உண்மைதான். சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத முடி அது. இன்றைக்கு வாங்கும் புது பிரஷ்ஷில் அந்தப் பயம் வேண்டாம். சரி, கேள்விகள் முடிந்தன. இனி என் வழக்கைக் கேளுங்கள்.

'ஒரு வாரத்தில் ஒதுக்கிவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம். ஒரு வாரத்தில் பன்றிமுடி என்னதான் செய்துவிடும்? புதுசு விறைப்பாகத்தான் இருக்கும், ஈர மிருக வாடைகூட அடிக்கும். நனைந்து, நுரைத்து, காய்ந்து, மறுபடி நனைந்துதான் ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாக, மூன்றாகப் பிளக்கும். முகத்துக்கு மென்மை அந்தப் பிளவிலிருந்து வருகிறது. அடிமுடி விறைப்பாகவே இருக்கும். கெட்டியான சோப்பை வழித்தெடுக்க அது வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் வேலை இது. நீங்களோ பிளப்பதற்குள் கைகழுவிவிட்டீர்கள்.

அப்பாவிடம் பிடியில் பெயின்ட் உதிர்ந்த ஒரு பன்றிமுடி பிரஷ் இருந்தது. பல் தேய்க்கப் போகும்போதே அதை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிட்டுப் போவார். அவர் வாய் கொப்பளித்து வருவதற்குள் முடி தளர்ந்து விரல்களுக்கு நடுவே துவளும். நீங்கள் ஊறவைத்தீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி மூச்சுக்கூட விடவில்லை. பன்றிமுடி தண்ணீரை நன்றாக உறிஞ்சும். ஊறாமல் நுரைக்க ஆரம்பித்தால், நுரைக்குப் போகவேண்டிய தண்ணீரை அதுவே குடித்துவிடும்; ஒரு கன்னம் மழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் நுரை காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பழி பிரஷ்மேல். செயற்கை இழைக்கு இந்தத் தொல்லை இல்லை, நனைத்து உதறினால் தயார். உங்களுக்கு அது 'பரவாயில்லை' ஆனதன் ரகசியம் இவ்வளவுதான்!

சில்வர்டிப் நல்ல பொருள்தான். நுனி பட்டாக இருக்கும். ஆனால் பேட்ஜரில் ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரம் சொல்கிறார்களே, அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் சூப்பர் இன்னொருவரிடம் சில்வர்டிப்பாகிவிடும். அதை நம்பியா காசைக் கொட்டப்போகிறீர்கள்?

போய் அந்தப் பழைய பிரஷ்ஷைத் தேடி எடுங்கள். ஊறப்போடுங்கள், கொதிக்கிற தண்ணீர் கூடாது, முடியும் கெடும், வேரைப் பிடித்திருக்கும் பசையும் விடும். முகத்தில் அமுக்கித் தேய்க்காதீர்கள், பிரஷ்ஷின் நடுமுடி முறிந்து குழி விழுந்துவிடும். சோப்பில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள், குமிழி தெரியாமல் தயிர்ப் பதத்துக்கு வரும்வரை. ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். அதுவரை வேறு பிரஷ் பற்றி என்னிடம் பேச்செடுக்க வேண்டாம்.